இருபத்தொரு பல்

வாகீசனின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்
கொக்குவிலில் என் லேத் கடைக்குள் மூக்கை நுழைத்தபோது
முன்பம்பரில் மல்லிகைச்சரம் காய்ந்து தொங்கியது,
போன கிழமைக் கலியாணத்தின் மிச்சம்.

"நாலு கியர் காணாது, கொறற்றியக்கா.
ஏ-ஒன்பது இப்ப காப்பெற்.
ஐம்பது மைல் தாண்டக் கத்துது,
பின் சீற்றிலை பொம்பிளை காதைப் பொத்துறா."

டிக்கியைத் திறந்தான்.
உரப்பையில் சுற்றிய ரொயோட்டா கியர்பொக்ஸ்.
பஞ்சிகாவத்தையில் வாங்கியது,
இரவு பஸ்ஸின் கடைசிச் சீற்றுக்குக் கீழே
கொழும்பிலிருந்து ஒயில் கசிந்தபடி வந்தது.

முதலில் எண்ணினோம்.
ஒஸ்ரினின் கிளச் தட்டில் பத்துப் பல்.
ரொயோட்டாவின் தண்டில் இருபத்தொன்று.
"பத்துப் பொருத்தத்திலை ஒண்டுகூட இல்லை" என்று
சிரித்தார் இவர்.
இவர் சைவம், நான் பாசையூர்.
எங்களுக்கு ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது
இருபது வருசமாய் இவருக்குப் பகிடி.
எனக்கு வேர்னியர்தான் விளங்கும்.

டாஷ்போர்டில் கிடந்த கலியாணக் காட்டை விரித்து
ரொயோட்டாவின் வாய்மேல் வைத்து
ஒயில் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தேன்.
மணமகனின் பெயரில் ஒரு துளை.
சுபமுகூர்த்தத்தில் இரண்டு.
"வருகையை எதிர்பார்க்கும்" என்ற இடத்தில்
தண்டு நுழையும் பெரிய வட்டம்.

பதினாறு மில்லித் தகடு வேண்டும்.
இரும்புக்கடைக்காரர் எந்தத் தகட்டைத் தட்டினாலும்
சீமெந்து பாக்ரறியிலை கழட்டினது என்பார்,
தட்டின கையோடு விலை ஏறும்.
வாங்கினேன். துருவுக்குக் கீழே நல்ல இரும்பு.

இரண்டு நாள் கடைந்தேன்.
ரொயோட்டாவின் கிளச் தட்டை
ஒஸ்ரினின் மூடிக்குள் இருத்த
விட்டத்தில் நாலு மில்லி எடுத்தேன்.
தண்டின் நுனிக்கு வெண்கலத்தில் ஒரு புஷ்,
சின்னமோதிரம் அளவு.
பூட்டி ஓட விட்டால்
கிணற்றுக்குள் விழுந்த ரேடியோ மாதிரி ஒரு முனகல்.

கழற்றினோம்.
டயல் கேஜ் முள் சொன்னது:
நடு விலகியிருக்கு, ஒரு மில்லியில் எட்டிலொன்று.
தலைமயிர் இரண்டு கனம்.
பிறகும் கழற்றினோம்.
மூன்றாம் தரம் ஜக் வழுக்கி
இவரின் சுட்டுவிரல் நகம் போனது.
அன்றைக்குப் பகிடி இல்லை.

கியர்த்தடிக்குத் தரையில் துளை வெட்டவேண்டும்.
கிறைண்டரின் சத்தத்துக்கு
வாகீசன் வெளியே போய்ப் பூவரசோடு நின்றான்.
காப்பெற்றின் கீழே மண்ணெண்ணெய்க் கூப்பன் ஒன்று
தரையோடு ஒட்டிக் கிடந்தது, திகதி அழிந்து.
கூப்பிட்டுக் காட்டினேன்.
வெட்டுக்கோட்டை ஒரு விரல் தள்ளிப் போடச் சொன்னான்.
போட்டேன். அதனால் தடி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும்,
பார்க்கிறவர்கள் என் பிழை என்பார்கள்.

வெள்ளிக்கிழமை, ஆனையிறவு.
இரண்டு பக்கமும் தண்ணி, வெயில், உப்புப் பாத்தி.
ஐந்தாவதுக்குப் போட்டான்.
சத்தம் சட்டென்று கீழே இறங்கிப் போனது.
எஞ்சின் நிண்டிட்டுதோ என்று
கேட்டது நான்தான்.
வாகீசன் பதில் சொல்லவில்லை, மிதித்தான்.
மீற்றர் முள் முப்பதில் கிடந்து நடுங்கியது:
ரொயோட்டா சுற்றுவது ஒஸ்ரினுக்கு விளங்கவில்லை.
அதற்கும் ஒரு சின்னப் பல்லுச்சில் வெட்டவேண்டும்,
வாற கிழமை.

பரந்தன் சந்தி.
குறுக்கே ஒரு மாடு.
பிறேக்கை அமத்தினான், கிளச்சை அமத்தினான்,
இடதுகை தானாக எழும்பி
ஸ்ரியறிங் கழுத்தடியில்
நான் அறுத்து எடுத்துவிட்ட பழைய தடியைப் பிடித்து
இரண்டாவதுக்கு இழுத்தது.

வெறுங்கை.
மாடு போனது.
நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.